கணினிக்குக் குரல் கொடுத்த கருணை: பார்வையற்றோர் வாழ்வில் திறமூல மென்பொருள்

புது தில்லி: ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, கல்லூரி விண்ணப்பம், அரசுப் பணித் தேர்வு என அனைத்தும் கணினித் திரைக்குள் புகுந்துவிட்ட காலம் இது. எழுத்தறிந்தவர் எவரும் அத்திரையைப் படித்துக்கொள்ளலாம். பார்வையற்றவர் படிக்க வேண்டுமானால் அந்தத் திரை பேச வேண்டும்.

நாட்டில் பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சத்து 32 ஆயிரம் பேர் என்கிறது 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இவர்களில் கணினியைத் தொடும் வாய்ப்புப் பெற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். உலக அளவில் இன்று மிகுதியாகப் பயன்படுத்தப்படும் திரைவாசிப்பான்களுள் ஒன்றுக்கு விலையே கிடையாது. அதன் மூல நிரலும் எவரிடமிருந்தும் மறைக்கப்படவில்லை. அதை உருவாக்கிய இருவரும் பார்வையற்றவர்கள்.

பார்வையற்றோருக்கான உதவி என்றவுடன் நன்கொடையும், உண்டியலும், அன்னதானமுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. கொடுப்பவர் ஒரு பக்கம், பெறுபவர் மறுபக்கம் என்பதே அந்த ஏற்பாடு. திறமூல மென்பொருளின் வழியே வந்த கருணை இந்த எல்லைக் கோட்டை அழித்திருக்கிறது. உதவி பெற்றவரே அதைத் திருத்தி, வளர்த்து, அடுத்தவருக்கு வழங்க முடிகிறது. இந்தியாவில் அதன் பலன் எவ்வளவு, அது இன்னும் முட்டி நிற்கும் சுவர்கள் எவை என்பது இப்போது நீதிமன்றம் வரை சென்றுள்ள கேள்வியாகும்.

நாற்பது நிமிட அவகாசம்

திரைவாசிப்பான் என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து, 1978-ல் விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டர் என்பவர் பின்னர் நிறுவிய நிறுவனமே "ஜாஸ்" என்ற புகழ்பெற்ற மென்பொருளை உருவாக்கியது. 1989-ல் வெளிவந்த அது, உலகெங்கும் பார்வையற்றோர் பலருக்குக் கல்வியையும் வேலைவாய்ப்பையும் பெற்றுத் தந்தது. அதன் தரத்தில் எவருக்கும் ஐயமில்லை. விலைதான் இடித்தது.

தொழில்முறைப் பயன்பாட்டுக்கான ஜாஸ் மென்பொருளின் விலை சுமார் 1,000 அமெரிக்க டாலராக இருந்தது. மேலை நாடுகளில் இத்தொகையைப் பெரும்பாலும் அரசோ, வேலை கொடுத்த நிறுவனமோ ஏற்றுக்கொள்ளும். இந்தியாவிலோ கணினியை வாங்குவதற்கே கடன் பட்ட குடும்பங்களுக்கு, அந்தக் கணினியைப் பேச வைக்க அதைவிட அதிகம் செலவாகும் என்பது தாங்க இயலாத சுமையாக இருந்தது.

விலை கொடுக்க இயலாதவர்களுக்கு ஒரு வழி இருந்தது. அம்மென்பொருளைச் சோதனை முறையில் 40 நிமிடங்கள் மட்டும் இலவசமாக இயக்கலாம். பிறகு கணினியை அணைத்து மீண்டும் தொடங்கினால் அடுத்த 40 நிமிடங்கள் கிடைக்கும். ஒரு கட்டுரையை எழுதி முடிப்பதற்குள் எத்தனை முறை கணினியை அணைக்க வேண்டியிருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். மற்றொரு வழி திருட்டுப் பிரதி. படிப்பதற்காகச் சட்டத்தை மீற வேண்டிய நிலையை எந்த மாணவரும் விரும்பி ஏற்பதில்லை.

பார்வையுள்ளவர் கணினியை வாங்கியதும் அதன் திரை அவருக்குத் தனிக் கட்டணமின்றிக் கிடைத்துவிடுகிறது. அதே திரையைப் பயன்படுத்தப் பார்வையற்றவர் மட்டும் ஏன் தனியே விலை கொடுக்க வேண்டும்? இக்கேள்விதான் ஆஸ்திரேலியாவில் ஒரு மாணவரைச் செயலில் இறக்கியது.

இரு நண்பர்களின் முயற்சி

மைக்கேல் கரன் என்ற அந்த மாணவர், 2006 ஏப்ரலில் தாமே ஒரு திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். சிறுவயதில் பார்வையற்றோருக்கான இசை முகாமில் அறிமுகமான நண்பர் ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்துகொண்டார். அவர்கள் உருவாக்கிய மென்பொருளே "என்.வி.டி.ஏ." என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. அதைப் பேணி வளர்ப்பதற்காக "என்.வி. ஆக்சஸ்" என்ற லாப நோக்கற்ற அமைப்பும் தோன்றியது. மொசில்லா அறக்கட்டளை தொடக்க காலத்தில் நிதியுதவி செய்தது.

ஆங்கிலத்தில் ஓப்பன் சோர்ஸ் எனப்படும் திறமூல மென்பொருளுக்கும் வணிக மென்பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை நாட்டு வைத்தியத்தைக் கொண்டு எளிதில் விளக்கலாம். மருந்தை மட்டும் விற்று, செய்முறையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கும் வைத்தியர் ஒரு வகை. மருந்தோடு அதன் செய்முறையையும் எழுதிக் கொடுத்து, "உங்கள் ஊரில் கிடைக்கும் மூலிகைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றியதைப் பிறருக்கும் சொல்லுங்கள்" என்பவர் இன்னொரு வகை. திறமூல மென்பொருள் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம்.

இந்தப் பாதையில் முன்னரே நடந்தவர்களுள் ஓர் இந்தியரும் உண்டு. புணேயில் பிறந்து, 14-ஆம் வயதில் கண் அழுத்த நோயால் பார்வையை முற்றிலும் இழந்த டி.வி. ராமன், மும்பை ஐஐடி-யில் கணினி அறிவியல் பயின்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-ல் முனைவர் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாடுகளை ஒலி வடிவில் கேட்டுப் புரிந்துகொள்ளும் முறையே அவரது ஆய்வுப் பொருள். தமது அன்றாடப் பணிக்காக அவர் உருவாக்கிய "ஈமேக்ஸ்பீக்" என்னும் பேசும் மென்பொருளை 1995-ல் நிரலோடு சேர்த்து உலகுக்கு இலவசமாக வழங்கினார்.

என்.வி.டி.ஏ. மென்பொருளின் இன்னொரு சிறப்பு இந்தியச் சூழலுக்குப் பெரிதும் பொருந்தியது. அதைக் கணினியில் நிறுவாமலே, ஒரு பென்டிரைவில் வைத்து இயக்க முடியும். சொந்தக் கணினி இல்லாத மாணவர், கல்லூரி ஆய்வகத்திலோ, தெருமுனை இணைய மையத்திலோ, நண்பரின் வீட்டிலோ அதைச் செருகியவுடன் அந்தக் கணினி அவருக்காகப் பேசத் தொடங்கும். பணி முடிந்ததும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த "வெப்எய்ம்" அமைப்பு, திரைவாசிப்பான் பயன்படுத்துவோரிடையே அவ்வப்போது விருப்பக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2009 ஜனவரியில் நடந்த முதல் கணக்கெடுப்பில் என்.வி.டி.ஏ.-வைப் பயன்படுத்துவதாகக் கூறியோர் 8 சதவீதம் மட்டுமே. 2024-ல் வெளியான கணக்கெடுப்பில் இது 65.6 சதவீதமாக உயர்ந்தது; ஜாஸ் 60.5 சதவீதமாக இருந்தது. ஒருவரே இரண்டையும் பயன்படுத்துவது உண்டு என்பதால் கூட்டுத்தொகை நூறைத் தாண்டுகிறது. எனினும், 15 ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் தெளிவாகவே தெரிகிறது.

இந்திய மொழிகள் பேசிய கதை

விலை இல்லை என்பது பாதி நன்மைதான். இந்தியாவைப் பொறுத்தவரை மறுபாதி மொழி சார்ந்தது. திரைவாசிப்பானுக்கு வாய் ஒன்று வேண்டும். எழுத்தை ஒலியாக மாற்றும் தனி மென்பொருளே அந்த வாய். ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் இனிய குரல்கள் பல சந்தையில் இருந்தபோது, ஒடியாவுக்கோ அசாமிய மொழிக்கோ குரல் தயாரித்தால் யார் வாங்குவார்கள் என்று நிறுவனங்கள் தயங்கின. வாங்க வசதியற்றவர்களின் மொழி, சந்தையின் கணக்கில் வருவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தது "ஈஸ்பீக்" என்ற மற்றொரு திறமூல மென்பொருள். பிரிட்டனைச் சேர்ந்த ஜொனாதன் டடிங்டன் 1995-ல் ஏகார்ன் வகைக் கணினிக்காக எழுதிய சிறு பேச்சு மென்பொருளே பின்னாளில் ஈஸ்பீக் என வளர்ந்தது. 2015-ல் தன்னார்வலர்கள் அந்த நிரலை எடுத்து "ஈஸ்பீக் என்ஜி" என்ற பெயரில் தொடர்ந்தனர். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளை அது பேசுகிறது. தமிழ், இந்தி, மலையாளம், கன்னடம், தெலுங்கு, வங்காளம் ஆகியவையும் அவற்றில் அடங்கும்.

ஈஸ்பீக்கின் குரல் இனிமையானது அன்று. தகரத்தைத் தட்டியது போன்ற ஓசை. ஆனால் அதன் அளவு மிகச் சிறியது. பழைய கணினியிலும் தடையின்றி இயங்கும். பழகியவர்கள் அக்குரலைப் பன்மடங்கு வேகத்தில் ஓட விட்டுக் கேட்கின்றனர். புதியவர் காதுக்கு அது வெறும் இரைச்சல். பழகியவருக்கு ஒரு பக்கத்தைக் கண்ணால் மேய்வதற்கு ஒப்பான வேகம்.

ஒரு மொழியை இதற்குக் கற்றுக்கொடுப்பது விதிகளை எழுதும் வேலையாகும். இந்தியில் "ராம" என எழுதினாலும் "ராம்" என்றே ஒலிக்க வேண்டும். எந்த இடத்தில் அகரம் மறையும், எங்கே மறையாது என்பதற்கு விதி வகுக்க வேண்டும். தமிழில் சிக்கல் வேறு விதமானது. கடல், அகல், தங்கம் ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. எழுத்து ஒன்றே. சொல்லின் முதலில் வந்தால் எப்படி, உயிர்களுக்கு இடையே வந்தால் எப்படி, மெல்லினத்தை அடுத்து வந்தால் எப்படி என இலக்கண நூலில் உள்ளதைக் கணினிக்குப் புரியும்படி எழுத வேண்டும். தவறு நேர்ந்தால் அதை முதலில் உணர்பவர், நாள் முழுதும் அக்குரலைக் கேட்கும் பார்வையற்ற பயனரே. நிரல் திறந்திருப்பதால் அவர் அதைச் சுட்டிக்காட்டவும், தெரிந்தால் தாமே திருத்தவும் வழி இருக்கிறது.

2010-களின் முற்பகுதியில், பெங்களூரைச் சேர்ந்த இணையம் மற்றும் சமுதாய ஆய்வு மையம், ஹான்ஸ் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் 15 இந்திய மொழிகளில் ஈஸ்பீக்கையும் என்.வி.டி.ஏ.-வையும் மேம்படுத்தும் திட்டத்தை மேற்கொண்டது. மத்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறையின் நிதியில், சென்னை ஐஐடி தலைமையில் பல கல்வி நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிகளுக்கு இயல்பான குரல்களை உருவாக்கின. அக்குரல்களும் என்.வி.டி.ஏ.-வுடன் இணைக்கப்பட்டன. பூட்டிய மென்பொருளாக இருந்திருந்தால், இத்தகைய இணைப்புக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கைவிடப்பட்டபோது

மூல நிரல் திறந்திருப்பதன் அருமை, ஒரு நிறுவனம் கையை விரிக்கும்போதுதான் புலப்படும். "விண்டோ ஐஸ்" என்ற வணிகத் திரைவாசிப்பான் ஒரு காலத்தில் ஜாஸ் மென்பொருளுக்குப் போட்டியாக விளங்கியது. நிறுவனங்கள் கைமாறிய பின்னர் 2017-ல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கணக்கில் அதைப் பழகியவர்கள் வேறொன்றைக் கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

லினக்ஸ் இயங்குதளத்துக்கான "ஓர்கா" என்ற திறமூலத் திரைவாசிப்பானுக்கும் இதே போன்ற ஆபத்து நேர்ந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்த அது, 2010-ல் அந்நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியதை அடுத்து ஆதரவை இழந்தது. ஆயினும் நிரல் பொதுவில் இருந்தமையால் ஜோன்மேரி டிக்ஸ் என்பவர் அப்பணியைத் தொடர்ந்து முன்னெடுத்தார். ஓர்கா இன்றும் இயங்கி வருகிறது. உபுண்டு இயங்குதளத்தை நிறுவும்போதே அதுவும் உடன் கிடைக்கிறது. பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதைக் கொள்கையாகக் கொண்ட கேரளத்தில், பார்வையற்ற மாணவரின் மேசைக்கும் மற்ற மாணவர்களின் மேசைக்கும் ஒரே இயங்குதளம் போதுமானதாகிறது.

நூலகத்தைத் திறந்த சட்டம்

பேசும் கணினி கையில் இருந்தாலும், அது படிப்பதற்குப் புத்தகம் வேண்டும். அச்சுப் புத்தகத்தை ஒலி வடிவிலோ, கணினி படிக்கும் வடிவிலோ மாற்றினால் அது பதிப்புரிமை மீறல் ஆகுமோ என்ற அச்சம் நெடுங்காலம் நிலவியது. 2012-ல் நாடாளுமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்காக நூல்களை உரிய வடிவில் மாற்றிக்கொள்ள இடமளித்தது.

அடுத்த ஆண்டு மொராக்கோவின் மராகேஷ் நகரில், பார்வையற்றோருக்கான நூல்களை நாடுகள் தமக்குள் பகிர்ந்துகொள்ள வகை செய்யும் சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. அதற்கு 2014 ஜூனில் உலகிலேயே முதல் நாடாக ஒப்புதல் அளித்தது இந்தியா. அந்த உடன்படிக்கை 2016 செப்டம்பர் 30-ல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் "சுகம்ய புஸ்தகாலயா" என்ற இணைய நூலகம் தில்லியில் தொடங்கி வைக்கப்பட்டது. நாடெங்கும் உள்ள பார்வையற்றோர் அமைப்புகள் தனித்தனியே மாற்றிவைத்த நூல்களை ஓரிடத்தில் திரட்டித் தருவது இதன் நோக்கம். ஒரு நூலை ஓர் ஊரில் ஒருவர் மாற்றிவிட்டால், இன்னொரு ஊரில் மற்றொருவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. திறமூல மென்பொருளின் பகிர்வு நெறியே நூலகத்திலும் பின்பற்றப்படுகிறது எனலாம்.

இன்னும் மூடிய கதவுகள்

இத்தனைக்குப் பிறகும் பார்வையற்ற ஒருவர் அரசு இணையதளத்தைத் திறந்தால் என்ன நேர்கிறது? திரைவாசிப்பான் படத்தைப் பார்ப்பதில்லை. படத்தின் பின்னே உள்ள எழுத்தையே எடுத்துப் படிக்கிறது. தலைப்புகள் முறையாகக் குறிக்கப்பட்டிருந்தால், விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் இடப்பட்டிருந்தால் எங்கே பெயர், எங்கே பிறந்த தேதி என்று சொல்லும். பெயர் இடப்படாவிட்டால் வெறுமனே "பட்டன், பட்டன்" என்று ஒலித்துக்கொண்டிருக்கும்.

அலுவலகங்களில் வேரூன்றிய ஒரு பழக்கம் இதைவிடப் பெரிய தடை. சுற்றறிக்கையைக் கணினியில் தட்டச்சு செய்கின்றனர். அச்சிடுகின்றனர். அதிகாரி கையொப்பமிடுகிறார். பிறகு அத்தாளைப் படமாக எடுத்து இணையதளத்தில் ஏற்றுகின்றனர். முதலில் எழுத்தாக இருந்தது இறுதியில் படமாகிவிடுகிறது. திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத் தாள்.

எழுத்துருக் குழப்பம் மற்றொன்று. யூனிகோடு முறைக்கு மாறாத பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் மீது இந்திய எழுத்தின் வடிவத்தைப் போர்த்தியவையே. வட இந்திய அலுவலகங்களில் பெருவழக்காக இருந்த "குருதிதேவ்" எழுத்துருவில் "ராம்" என்று தட்டச்சு செய்தால் கண்ணுக்கு "ராம்" என்றுதான் தெரியும். கணினியின் உள்ளே இருப்பதோ ஜே, கே, இ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பானும் அதைத்தான் படிக்கும். தமிழில் "பாமினி" போன்ற எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகளுக்கும் இதே கதிதான். குரலை எவ்வளவு இனிமையாக்கினாலும் இந்தத் தடையைத் தாண்ட முடியாது.

வங்கிக் கணக்கு தொடங்கும்போது வாடிக்கையாளரை அடையாளம் காணும் இணைய நடைமுறை வேறு விதமாக வாட்டியது. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டு என்கிறது செயலி. அமில வீச்சில் இமைகளை இழந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? முகத்தைத் திரையின் கட்டத்துக்குள் பொருத்து என்கிறது. அக்கட்டம் எங்கே என்று பார்வையற்றவர் எப்படி அறிவார்?

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தகவல் தொழில்நுட்பம் அனைவருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிகள் பல, கட்டாயமாக இல்லாமல் வழிகாட்டும் தன்மையுடன் மட்டுமே அமைந்திருந்தன. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005-ல் தொடர்ந்த வழக்கில், 2024 நவம்பர் 8-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்த நிலை சட்டத்தின் நோக்கத்துக்கு முரணானது என்று கூறியது. மீற முடியாத குறைந்தபட்சத் தரங்களை வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது.

இணையவழி அடையாள நடைமுறை குறித்து அமில வீச்சில் பாதிக்கப்பட்டோரும் பார்வையற்ற ஒருவரும் தொடர்ந்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு, எண்ம சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பிரிக்க முடியாத பகுதி என அறிவித்து, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. கருணையின் பெயரால் தொடங்கிய ஒன்று உரிமையாக உருப்பெற்றது இத்தீர்ப்பில்தான் எனலாம்.

தேர்வு அறையில்

பார்வையற்ற இளைஞருக்கு இவை யாவற்றின் பயனும் தேர்வு அறையில்தான் சோதிக்கப்படுகிறது. பார்வையற்றவர் விடையைச் சொல்ல, மற்றொருவர் எழுதுவதே நீண்டகால நடைமுறை. தேர்வர் தாமே உதவியாளரை அழைத்து வந்தால், உதவியாளரின் கல்வித் தகுதி தேர்வரின் தகுதியைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது 2018-ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டு நெறி. முறைகேட்டைத் தடுக்க இவ்விதி தேவைதான். ஆனால் பொருளாதாரமோ சட்டமோ படித்த ஒருவர், அப்பாடத்தின் சொற்களை அறியாத ஒருவரின் கையெழுத்தை நம்பித் தம் எதிர்காலத்தை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. உதவியாளர் வரத் தவறினால் ஓராண்டு உழைப்பும் வீணாகும்.

சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைன், 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முழுமையாகப் பார்வையற்ற முதல் அதிகாரி என்ற பெருமையைப் பெற்றார். அவரைப் போன்றோர் திரைவாசிப்பான் துணையுடன் பல்லாயிரம் பக்கங்களைப் படித்துத் தயாராகின்றனர். தயாரிக்கும்போது கையில் இருந்த கருவி, தேர்வு எழுதும்போது மட்டும் ஏன் பறிக்கப்பட வேண்டும் என்பதே அவர்களின் கேள்வி.

மாற்றுத்திறனாளிகளுக்கான "மிஷன் ஆக்சசிபிலிடி" அமைப்பு தொடர்ந்த வழக்கில், குடிமைப் பணித் தேர்வில் பார்வையற்றோர் திரைவாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்த அனுமதிக்கக் கொள்கையளவில் முடிவு செய்திருப்பதாக மத்திய பணியாளர் தேர்வாணையம் 2025-ல் உச்ச நீதிமன்றத்திடம் தெரிவித்தது. அதை நடைமுறைப்படுத்தும் திட்டத்தை முன்வைக்குமாறு நீதிமன்றம் பணித்தது. நாடெங்கும் உள்ள தேர்வு மையங்களில் மென்பொருளை ஏற்பாடு செய்ய வேண்டிய நிலையில், உரிமக் கட்டணமில்லாத திறமூல மென்பொருள் கையில் இருப்பது செலவைப் பெரிதும் குறைக்கும். எஞ்சியிருப்பது வினாத்தாளை உரிய வடிவில் தயாரிப்பது. வரைபடங்களுக்கு விளக்கம் எழுதவும், கணிதச் சமன்பாடுகளைப் படமாக ஒட்டாமல் கணினி படிக்கும் முறையில் தரவும் வினாத்தாள் தயாரிப்போர் பழக வேண்டியிருக்கும்.

யார் பேணுவது?

திறமூல மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் அது செலவின்றி உருவாகிறது என்று பொருளல்ல. விண்டோஸ் மாறும்போதும், உலாவிகள் மாறும்போதும் திரைவாசிப்பானும் மாற வேண்டும். ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால், நேற்று வரை பேசிய பக்கம் இன்று ஊமையாகிவிடலாம். என்.வி. ஆக்சஸ் அமைப்பு தனிநபர் நன்கொடைகளையும் நிறுவனங்களின் மானியத்தையும் நம்பியே இயங்குகிறது. இந்திய மொழிகளின் உச்சரிப்பு விதிகளைத் திருத்துவோரில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். ஒரு திட்டத்தின் நிதி முடிந்ததும் அதில் பணியாற்றியோர் கலைந்து செல்வதும், திருத்தப்படாத பிழைகள் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதும் இத்தகைய முயற்சிகளுக்கு எப்போதும் உள்ள அபாயம்.

பாலத்தைக் கட்டுவதற்கு ஒதுக்கும் நிதியைப் போலவே அதைப் பராமரிக்கவும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்குவது அரசுக்குப் பழக்கமானதே. மொழிக் குரல்களும் அத்தகைய பொதுப் பாலங்கள்தான். புதிய திட்டங்களை அறிவிப்பதோடு, ஏற்கெனவே உள்ளவற்றைப் பேணுவோருக்குத் தொடர்ந்து ஊதியம் வழங்கும் ஏற்பாடும் தேவைப்படுகிறது.

பிறர் துயர் கண்டு இரங்கும் பண்பைத் தமிழில் "கண்ணோட்டம்" என்பர். திருக்குறளில் அப்பெயரில் தனி அதிகாரமே உண்டு. கண்ணில்லாத இருவர் ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு, தாம் காணாத நாட்டின் மாணவர்களுக்கும் பயன்படும் கருவியை எழுதி, அதன் உள்ளீட்டையும் ஒளிக்காமல் கொடுத்தபோது செய்தது அதுவே.

அதற்கு ஈடாக அலுவலகங்களிடம் கேட்கப்படுவது மிகச் சிறிது. சுற்றறிக்கையைப் படமாக ஏற்றாமல், யூனிகோடு எழுத்துருவில் எழுத்துக் கோப்பாகவே ஏற்ற வேண்டும். கையொப்பத்தை மின்னணு முறையில் இடலாம். படிவத்தின் கட்டங்களுக்குப் பெயர் சூட்ட வேண்டும். இவற்றுக்குப் பெரும் செலவு எதுவுமில்லை. பேசக் கற்றுக்கொண்ட கணினிக்குப் படிக்க எழுத்தைக் கொடுங்கள் என்பதே நாட்டின் பார்வையற்ற மாணவர்களும் ஊழியர்களும் முன்வைக்கும் கோரிக்கை.